சாமிக்கு மனை எதற்கு?

திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள ஸ்ரீரங்கத்தில் "அடிமனைப் பிரச்சினை" என்பதாக ஒரு தொல்லை பல வருஷங்களாக இருந்து வருவது நமது வாசகர்கள் பலருக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லுகின்றோம்.

ஸ்ரீரங்கம் கோயிலின் ஏழு சுற்றுகளில் வெளிச்சுற்றுகள் வெறும் கோயிலல்ல. மக்கள் வீடு கட்டிக் குடியிருக்கும் வீதிகளாகும். உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் வீதி என்கின்ற இவற்றிலும், இவற்றை ஒட்டிய இடங்களிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்களைப் பார்த்து, "மேலேயிருக்கிற சுவரும் கூரையும் உங்களுடையது, கீழேயிருக்கிற மண் அரங்கநாதருடையது" என்று கோயில் நிர்வாகம் சொல்லுகின்றது. இப்படி உரிமை கொண்டாடப்படும் நிலம் முன்னூறு ஏக்கருக்கு மேற்பட்டதாகும். குடியிருப்பவர்களோ, "எங்கள் பாட்டன் விலை கொடுத்து வாங்கிய பத்திரம் பெட்டியிலிருக்கிறது, வீட்டு வரியும் நாங்கள்தான் கட்டி வருகிறோம்" என்கிறார்கள். 1994-ல் ஸ்ரீரங்கம் திருச்சி மாநகராட்சியோடு சேர்க்கப்பட்டது. வரி வாங்குவதற்கு மாநகராட்சி யாரைத் தேடி வருகின்றது? அரங்கநாதரையா, வீட்டுக்காரனையா?

நிற்க, இத்தொல்லை வெறும் வாய்ச்சண்டையாக இருந்தால் நாம் தலையங்கம் எழுதவேண்டிய அவசியமில்லை. இது சட்டத்தின் பிடியாகிவிட்டது. 1959-ம் வருஷத்து அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி, கோயில் நிலத்தைக் கமிஷனர் அனுமதியின்றி விற்பதும், அடகு வைப்பதும், 5 வருஷத்துக்கு மேல் குத்தகைக்கு விடுவதும் செல்லாது. பத்திரப் பதிவுச் சட்டத்தில் தமிழ்நாட்டார் சேர்த்த 22-ஏ பிரிவின்படி, அப்படிப்பட்ட நிலத்தைப் பற்றிய பத்திரத்தை அனுமதியின்றி ரிஜிஸ்தர் செய்யவும் கூடாது. ஆகவே "இது கோயில் மனை" என்று ஒரு வார்த்தை சொல்லப்பட்டுவிட்டால் போதும். வீட்டுக்காரனுடைய கை கட்டப்பட்டுவிடும்.

இதன் பலன் என்ன என்று பாருங்கள். பெண்ணின் படிப்புக்கோ, தகப்பனாரின் வைத்தியத்துக்கோ பணம் வேண்டியிருந்தால், அந்த வீட்டை விற்க முடியாது. அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்ள முடியாது. ஒழுகுகின்ற கூரையை இடித்துக் கட்டப் பாங்கியில் கடன் கேட்டால், தெளிவான உரிமைப் பத்திரம் கொண்டுவா என்பார்கள். ரிஜிஸ்தர் ஆகாத சொத்துக்கு நாணயமான வாங்குகிறவன் வரமாட்டான். வருகிறவன் தரகனாகத்தான் இருப்பான். ஆபத்துக்காலத்தில் அரை விலை பேசி, வெள்ளைக் காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, சட்டம் மாறுகிற நாளைக்காகக் காத்திருப்பான். சட்டச் சிக்கலால் ஏழை அடைகின்ற நஷ்டமெல்லாம், காத்திருக்கப் பணமுள்ளவனுக்கு லாபமாய்ப் போய்ச் சேருகின்றது. இதுதான் அடிமனையின் உண்மையான பொருளாதாரம்.

இனி, நிலத்துக்குச் சொந்தக்காரர் என்று சொல்லப்படுகின்றவர் யார் என்று பார்ப்போம். இந்துக் கோயில் விக்கிரகத்துக்குச் சட்டத்தில் ஓர் ஆளுக்குரிய அந்தஸ்து உண்டு. அது சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குத் தொடரலாம். 1925-ல் லண்டன் பிரிவி கௌன்சிலும் ஒரு வழக்கில் இதை ஒப்புக்கொண்டிருக்கின்றது. அதோடு அந்தச் சாமி என்றைக்கும் மைனர் என்பதும் கோர்ட்டுகளின் முடிவாகும். உலகத்தையெல்லாம் காப்பாற்றுகின்றவர் என்று பஜனை செய்வது ஒருபுறம். தம் சொத்தைத் தாமே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாத மைனர் என்று கோர்ட்டிலே வாதாடுவது மறுபுறம். இரண்டில் எது உண்மை என்பதைப் பக்தர்களே சொல்லட்டும். ஸ்ரீரங்கத்துச் சாமியோ படுத்துத் தூங்குகின்ற சாமி. தூங்குகின்றவர் ஒருநாளும் எழுந்து வாடகை கேட்கவில்லை. கேட்பவர்களெல்லாம் விழித்திருப்பவர்களேயாவார்கள்.

அன்றியும், கோயிலாருடைய சொந்த வரலாற்றையே கேட்கின்றோம். 1323-ல் டில்லிப் படை வந்தபோது அந்தச் சாமியின் உற்சவ விக்கிரகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்றும், ஊர் ஊராய்ச் சுற்றி 1371-லேதான் அது திரும்பி வந்தது என்றும் சொல்லுகின்றார்கள். 48 வருஷம் வீடிழந்து அலைந்த சாமியைச் சுமந்து காப்பாற்றியவர்கள் மனிதர்கள்தானே? அப்படிப்பட்ட சாமியின் பேரால் மனிதனுடைய வீட்டுக்கு ஆபத்து உண்டாக்குவது எந்த நியாயம்?

"சுயமரியாதைக்காரர்கள் கோயில் சொத்தைச் சூறையாடச் சொல்லுகிறார்கள்" என்று சிலர் புறப்படக்கூடும். கோயில் சொத்து பொதுச்சொத்து, அது பொதுஜனங்களின் கண்காணிப்பில் இருக்கவேண்டும் என்று முதலில் சொன்னவர்களில் நாமும் ஒருவர். பனகல் அரசர் மந்திரியாயிருந்தபோது அறநிலைய மசோதா வந்து 1925-ல் சட்டமான காலத்தில், "மதம் போச்சு" என்று கூச்சலிட்டவர்கள் யார் என்பதை நாடு அறியும். இன்று தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் நிலம் சுமார் 4.78 லட்சம் ஏக்கர். அதில் பெரிய கடைகளையும், மண்டபங்களையும், வயல்களையும் சொற்ப வாடகைக்கு வைத்துக்கொண்டு கொழுக்கின்ற பெரிய மனிதர்களிடம் ஒரு காசும் விடாமல் வசூலிக்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் கடை வேறு, குடியிருக்கும் வீடு வேறு. லாபத்துக்கு வைத்திருப்பவனையும், தலை சாய்க்க வைத்திருப்பவனையும் ஒரே தராசில் நிறுப்பது யோக்கியமாகாது. அறநிலையச் சட்டத்தின் 34-ஏ பிரிவு சந்தை வாடகையையொட்டி "நியாய வாடகை" போடச் சொல்லுகின்றது. வியாபாரிக்கு அது நியாயமாயிருக்கலாம். பென்ஷனில் வாழும் கிழவிக்கும் அதே கணக்கென்றால், நியாயம் என்ற சொல்லுக்கு அர்த்தமே இல்லை.

பிறருடைய மண்ணில் தன் காசைப் போட்டு வீடு கட்டியவனுக்கு அந்த மண்ணை விலைக்குக் கேட்க உரிமை வேண்டும் என்பது நமக்குப் புதிதல்ல. 1921-ம் வருஷத்து மதராஸ் நகரக் குத்தகைக்காரர் பாதுகாப்புச் சட்டம் அந்த உரிமையைக் கொடுத்தது. 1996-ல் அதைத் திருத்தி, எந்த மதத்தின் ஸ்தாபனத்துக்குரிய நிலமாயிருந்தாலும் அச்சட்டம் செல்லாது என்று செய்துவிட்டார்கள். அதாவது, மனிதன் நிலச்சுவான்தாராயிருந்தால் விற்றுத்தான் ஆகவேண்டும். கடவுள் நிலச்சுவான்தாராயிருந்தால் வேண்டியதில்லை! கருணைக்கடல் என்பவருக்கு மனிதனுக்குள்ள கருணைகூட வேண்டாமென்று சட்டம் செய்தாய்விட்டது.

இங்கிலாந்தைப் பாருங்கள். லண்டனிலும் கடற்கரை ஊர்கள் பலவற்றிலும் பிரபுக்களின் நிலத்தில் நீண்டகாலக் குத்தகைக்கு வீடு கட்டி, மண்ணுக்கு வருஷ வாடகை கொடுக்கும் வழக்கம் நெடுநாளாக இருந்தது. அதுவும் அடிமனைதான். 1967-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு, நீண்டகாலக் குத்தகை வீட்டில் குடியிருப்பவன் அடிமண்ணை விலை கொடுத்துத் தனக்கே ஆக்கிக்கொள்ளலாம் என்று சட்டம் செய்தது. 2022-ல் இன்னொரு சட்டம், புதிதாக எழுதும் நீண்டகாலக் குடியிருப்புக் குத்தகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மண் வாடகை ஒரு மிளகுக்கு மேல் கூடாது என்று செய்துவிட்டது. ராஜாவையும் பிரபுக்களையும் இன்னும் வைத்துக்கொண்டிருக்கின்ற நாடே பிரபுவின் மண் வாடகையை ஒரு மிளகாக்கத் துணியும்போது, பகுத்தறிவு பேசுகின்ற தமிழ்நாடு தயங்குவானேன்?

"ஸ்ரீரங்கத்து வீதிகளில் இருப்பவர்களில் பலர் பார்ப்பனர்களாயிற்றே, உங்களுக்கு என்ன அக்கறை?" என்று நம் தோழர்களே கேட்கலாம். ராஜகோபுரத்துக்கு எதிரில் 2006-ல் பெரியார் சிலை உடைக்கப்பட்டதையும் ஞாபகப்படுத்தலாம். சிலையை உடைத்தவர்களையும் வீதியில் குடியிருக்கிற மக்களையும் நாம் ஒன்றாக்கவில்லை. அக்கிரகாரத்தில் பிற சாதியான் குடியிருக்கக்கூடாது என்றிருந்த கொடுமையை நாம் மறந்துவிடவுமில்லை. 1924-ல் வைக்கத்தில் நடப்பதற்கு உரிமை கேட்டவர்கள் நாம். நடக்கின்ற உரிமைக்குச் சாதியில்லை என்றால், குடியிருக்கின்ற உரிமைக்கும் சாதி இருக்கமுடியாது. அதுவுமின்றி, கோயில் மனையில் குடிசை போட்டுக் காலம் தள்ளுகின்ற ஏழைகள் தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். சாமியின் பேரால் ஒருவனை மண்ணில்லாதவனாக்கும் தத்துவம், இன்றைக்கு உத்திர வீதியில் செல்லுமானால் நாளைக்குச் சேரியிலும் செல்லும்.

ஆகவே சர்க்காரை நாம் கேட்பது இதுதான். கோயிலார் தங்கள் ஆதாரங்களையும், குடியிருப்பவர்கள் தங்கள் பத்திரங்களையும் ஒரு பொது விசாரணையில் வீட்டுவாரியாக வைக்கட்டும். கோயிலுக்கு உரிமை ருசுவாகாத மனைகளுக்கு உடனே ரிஜிஸ்தர் திறந்துவிடப்படட்டும். உரிமை ருசுவான இடத்தில், குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற கணக்கில், குடியிருப்பவனுக்கே தாங்கக்கூடிய தவணையில் மனையைக் கொடுக்கட்டும். தரகன் நுழையாதபடி சில வருஷங்களுக்கு மறுவிற்பனையைத் தடுக்கட்டும். வரும் பணம் தனி நிதியாக இருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் வீடில்லாதவர்களுக்கு வீட்டுக்கும் செலவாகட்டும். இதற்கு 34-வது பிரிவும் 1996-ம் வருஷத்துத் திருத்தமும் குறுக்கே நின்றால், சட்டசபை அவற்றைத் திருத்தட்டும். சட்டம் மனிதன் செய்தது, மனிதனே மாற்றலாம்.

2011-ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்த ஜெயலலிதா அம்மையார் முதல்மந்திரியாகவே இருந்தார். 2015-ல் இடைத்தேர்தலும் வந்துபோயிற்று. வருகின்ற கட்சிகளெல்லாம் அடிமனையைப் பேசுகின்றன. பெட்டி மூடியதும் மறந்துபோகின்றன. இனி ஓட்டுக் கேட்டு வருகின்றவர்களிடம் அவ்வூரார் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: "மண் தூங்குகிறவருக்கா, குடியிருக்கிறவருக்கா?" இதற்கு எழுத்துமூலம் பதில் சொல்லாதவனுக்கு, அவன் எந்தக் கொடியைப் பிடித்து வந்தாலும், ஓட்டில்லை என்று சொல்லும் துணிவு அவ்வூராருக்கு வரவேண்டும்.