வீட்டு முற்றமும் விஞ்ஞானமும்

விஞ்ஞானம் என்பது வகுப்பறையிலே தொடங்கிப் பரீட்சை மண்டபத்திலே முடிந்துவிடும் ஒரு பாடம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பிள்ளை புத்தகத்தை விரித்து வைத்து மனனஞ் செய்தால் அதனைப் படிப்பு என்கிறோம். அதே பிள்ளை கிணற்றடியில் போத்தலும் நீருமாக நின்றால் விளையாட்டென்று கடிந்துகொள்கிறோம். இப்பாகுபாடு பிழையானது என்பது என் கருத்து. அதனைச் சொல்வதற்கு எனக்குள்ள தகுதி, அப்பிழையை நானே செய்தவன் என்பதுதான்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஆறாம் வகுப்பினருக்கு விஞ்ஞானம் கற்பித்துக்கொண்டிருந்தேன். தட்டிலே நீர் ஊற்றி, நடுவில் மெழுகுதிரியைக் கொளுத்தி, மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால் சிறிது நேரத்தில் சுடர் அணையும். நீர் குவளையினுள் ஏறும். வளியில் ஐந்திலொரு பங்கு ஒட்சிசன். அது எரிந்து தீரவே அந்த அளவுக்கு நீர் ஏறுகிறது என்று சொல்லிக் கொடுத்தேன். கரும்பலகையில் படமும் வரைந்தேன், செய்து காட்டவில்லை. ஒரு மாணவி மட்டும் வீட்டிலே அதனைச் செய்து பார்த்திருந்தாள். ஒரு திரியைவிட மூன்று திரிகளை வைத்தபோது நீர் அதிகம் ஏறியது என்றும், சுடர் அணைந்த பின்னரே விரைந்து ஏறியது என்றும் கொப்பியில் எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையினால் அதனை வெட்டி, ‘ஐந்திலொரு பங்கு’ என்று திருத்தினேன்.

உண்மையில் அவள் கண்டதே சரி. சுடரின் வெப்பத்தால் விரிந்த வளியில் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் எஞ்சிய வளி குளிர்ந்து சுருங்க, வெளியேயுள்ள வளியமுக்கம் நீரை உள்ளே தள்ளுகிறது. திரிகள் கூடினால் வெப்பமும் கூடும். ஏறும் நீரும் கூடும். ஒட்சிசனோ முற்றாகத் தீர்வதில்லை. வளியில் ஏறத்தாழ 21 வீதமாயுள்ள அது 16 வீதமளவுக்குக் குறையும்போதே சுடர் அணைந்துவிடும். இவற்றை நான் பின்னரே அறிந்தேன். அறியாமை குற்றமன்று, ஒரு பிள்ளை கண்ணாற் கண்டதைப் புத்தகத்தின் பெயரால் வெட்டியதே குற்றம். அதன் பிறகு அவள் தான் கண்டதை எழுதவில்லை. நான் சொன்னதையே எழுதினாள். நிறையப் புள்ளிகளும் பெற்றாள்.

மெழுகுதிரியை அற்பப் பொருளென்று எண்ண வேண்டா. புத்தகம் கட்டும் கடையிலே தொழில் பழகி, பின்னர் பெரும் விஞ்ஞானியாக உயர்ந்த மைக்கேல் பரடே, 1860ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் இலண்டனிலே இளைஞருக்கென நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகளுக்கும் பொருளாகக் கொண்டது ஒரு மெழுகுதிரியையே. இரண்டாம் உலகப் போரில் அழிந்த நாடுகளின் ஆசிரியர்களுக்காக 1948இல் எழுந்த சிறு கைந்நூலொன்று வளர்ந்து, 1956இல் யுனெஸ்கோவின் விஞ்ஞானக் கற்பித்தல் மூலநூலாக வெளிவந்தது. போத்தலும் தகரப்பேணியும் கொண்டே ஆய்வுகருவிகளைச் செய்துகொள்ளலாம் என்பதை அது காட்டியது. போரினால் பாடசாலைகள் சிதைந்ததைக் கண்ட நமக்கு அதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

நமது வீடுகளில் என்ன குறை? செவ்வரத்தம்பூவின் இதழ்களை வெந்நீரில் ஊறவைத்து, அச்சாற்றிலே தேசிக்காய்ப் புளியை விட்டால் செந்நிறமாகும். அப்பச்சோடாவைக் கரைத்தால் பச்சை சாயும். பட்டத்தில் பூட்டும் விண்ணை இறுக்கியும் தளர்த்தியும் கேட்கும் பிள்ளை ஒலியியலின் வாயிலில் நிற்கிறது. முற்றத்தில் ஒரு தடியை நேராக நட்டு நண்பகல் நிழலைக் குறித்து வரட்டும். குளிர்நாட்டுப் புத்தகங்களில் அந்நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே விழும். யாழ்ப்பாணத்திலோ, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் அது தடியின் அடியிலே ஒடுங்கிவிடும். பின்னர் ஓகஸ்ட் மாதக் கடைசி வரையில் தெற்கே விழும். இதனை எந்த அயல்நாட்டு நூலும் நம் பிள்ளைக்குச் சொல்லித் தராது. முற்றமே சொல்லித் தரும்.

பாடத்திட்டம் முடிய வேண்டுமே என்பர் ஆசிரியர். புலமைப்பரிசில் பரீட்சை வருகிறதே என்பர் பெற்றோர். இரண்டும் மெய்யான கவலைகளே. ஆயினும் கிழமைக்கு ஒரு மணி நேரத்தை இதற்கு ஒதுக்குவதால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போவதில்லை. நெருப்பைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் அவசியம். அருகில் இருத்தல் வேறு, பிள்ளையின் கையிலிருந்து வேலையைப் பறித்துத் தாமே செய்தல் வேறு. கண்காட்சி மேசைகளிலே பிள்ளையின் பெயரைத் தாங்கி நிற்கும் தந்தையரின் எரிமலைகளை நான் நிறையக் கண்டிருக்கிறேன். அவற்றால் பிள்ளை கற்பது ஒன்றுமில்லை.

ஆசிரிய நண்பர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. ‘வீட்டிலே செய்து பார்த்து, கண்டதை எழுதிக்கொண்டு வா’ என்று சொல்லுங்கள். எழுதி வந்தது புத்தகத்தோடு முரண்படுமாயின் சிவப்பு மையை எடுக்காதீர்கள். அப்பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் ஒரு முறை செய்து பாருங்கள். நான் அன்று அதனைச் செய்திருந்தால், அந்த மாணவி என்னிடமிருந்து கற்றதைவிட நான் அவளிடமிருந்து கற்றது அதிகமாயிருந்திருக்கும்.