கையெழுத்துக்கு முன் தமிழில் கேளுங்கள்

தாராவியில் தவணைக்குச் செல்போன் வாங்கினாலும், கடனுக்கு மனுப் போட்டாலும் முதலில் கேட்பது ஆதார் நகல். கூடவே ஆங்கிலத்தில் ஒரு படிவம். நம்மவர் படிக்காமலே கையெழுத்திடுகிறார். விவரங்கள் யார் கைக்குப் போகின்றன என்று அவருக்குத் தெரியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. எந்த விவரம், எதற்காக என்று அறிவித்துத்தான் சம்மதம் பெற வேண்டும். அந்த அறிவிப்பை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள எந்த மொழியிலும் கேட்டுப் பெறலாம் என்கிறது அது. தமிழும் அவற்றுள் ஒன்று.

ஆனால் வேலை சம்பந்தமான காரியங்களுக்கு முதலாளி சம்மதமின்றியே தொழிலாளியின் விவரங்களைப் பயன்படுத்தவும் அதே சட்டம் இடம் தருகிறது. இது பெரிய ஓட்டை, அடைக்கப்பட வேண்டும். 2025 நவம்பரில் வெளியான விதிகளோ, கம்பெனிகளுக்கு 18 மாத அவகாசம் வேறு கொடுத்தன.

அதற்காக நாம் சும்மா இருப்பானேன்? கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் ஆதார் நகலைக் கொடுக்கலாம். நகலின் மேல் காரணமும் தேதியும் எழுதலாம். தமிழ்ச் சங்கங்கள் வாரம் ஒரு மாலை படிவங்களைப் படித்துச் சொல்ல முன்வர வேண்டும். விழா எடுப்பதைப் போல அதுவும் மொழித் தொண்டுதான்.