அச்சாணியின் தம்பி

உருவத்தில் சிறியவரென்று எவரையும் இகழலாகாது என்று சொல்ல வந்த வள்ளுவர், பெரிய தேரின் அச்சாணியை உவமையாக எடுத்துக்கொண்டார். இன்று நாம் பேசப்போவது அந்த அச்சாணியின் தம்பியைப் பற்றி. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குக் கீழே ஓர் அடித்தகடு உண்டு. கராஜில் அதை 'அண்டர் கவர்' என்பார்கள். அதைத் தாங்கி நிற்கும் சின்னஞ்சிறு போல்ட்டுகளும் பிளாஸ்டிக் கிளிப்புகளுமே நமது கதாநாயகர்கள்.

சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் குடும்பத்துடன் கண்டியிலிருந்து நுவரெலியாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கம்பளையைக் கடந்ததிலிருந்தே வண்டிக்கு அடியில் 'டக், டக்' என்று ஓர் ஓசை. "என்னவோ தட்டுகிறதே, இறங்கிப் பாருங்களேன்" என்றாள் மனைவி. "பாதையில் சிறு கல் கிடந்திருக்கும்" என்று விடையளித்து மேலே செலுத்தினேன். புசல்லாவையில் தேநீர் அருந்தினோம். அங்கேயும் நான் குனிந்து பார்க்கவில்லை.

இறம்பொடையில் 109 மீட்டர் உயரத்திலிருந்து விழும் அருவியைக் கண்டு களித்துவிட்டு, அடுத்த வளைவில் ஏறும்போதுதான் அது நிகழ்ந்தது. அடித்தகட்டின் முன்விளிம்பு தாழ்ந்து பாதையில் உராய்ந்தது. மறுகணம் முழுத்தகடும் பிய்ந்து பின்னால் போய் விழுந்தது. எங்களுக்குப் பின்னே மோட்டார் சைக்கிளில் ஒருவர் தம் சிறுமகளைப் பாடசாலையிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தார். நனைந்த பாதையில் அவருடைய வண்டி வழுக்கி, ஓரத்துக் கானுக்கு ஒரு முழம் இப்பால் வந்து நின்றது. தெய்வாதீனமாக ஒருவருக்கும் காயமில்லை. அம்மனிதர் தகட்டை எடுத்துக்கொண்டு வந்து, "ஐயா, இது உங்கள் வண்டியிலிருந்து விழுந்தது" என்று என் கையில் கொடுத்தார். ஒரு கடுஞ்சொல்லாவது சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

அண்மையிலிருந்த கராஜில் ஓர் இளைஞர் கீழே படுத்துப் பார்த்தார். "ஐயா, பத்து இடத்தில் பூட்டவேண்டியது. மூன்றில்தான் பூட்டியிருந்திருக்கிறது, அதிலும் இரண்டு துருப்பிடித்தது" என்றார். ஒரு மாதத்துக்கு முன் எண்ணெய் மாற்றிய இடத்தில் மற்றவற்றைத் திரும்பப் பூட்டாமல் விட்டிருக்கக்கூடும். அது அவர்கள் பிழையென்றால், ஒரு மாதம் குனிந்து பாராதது என் பிழை.

அடித்தகடு வெறும் அலங்காரமன்று. சேறும் நீரும் கல்லும் எஞ்சினைத் தாக்காமல் அது காக்கிறது. வண்டியின் அடியில் காற்றுத் தடையின்றி வழுக்கிச் செல்லவும் உதவுகிறது. அதன் பாரத்தையும் காற்றின் வேகத்தையும் பத்துப் போல்ட்டுகள் பகிர்ந்து சுமக்கின்றன. ஒன்று தொலைந்தால் அதன் சுமை அயலிலுள்ளவற்றின் தலையில் விழுகிறது. தகடு ஆடத் தொடங்கும். ஆட ஆடத் துளைகள் பெருக்கும். பின்பு ஒவ்வொன்றாகக் கழன்று போகும். 'டக், டக்' என்பது அப்போது எழும் முறையீடு.

இனித் துருவைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்பு, நீர், ஒட்சிசன் ஆகிய மூன்றும் கூடினால் துரு பிறக்கும். மூடுபனியும் மழையும் நிறைந்த மலைநாட்டில் வண்டியின் அடிப்பாகம் பல நாட்கள் உலர்வதேயில்லை. கடற்கரைப் பக்கம் போய்வந்த வண்டியாயின் உப்பும் சேர்ந்து துருவை விரைவுபடுத்தும். துரு, தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிப்பது. ஆதலால் போல்ட்டின் புரிகளுக்கிடையே அது அடைந்து இறுகிவிடுகிறது. அதை முரட்டுத்தனமாகத் திருகினால் தலை மட்டும் முறிந்து கையோடு வரும். துரு இளக்கும் எண்ணெயை முதல்நாள் இரவே விட்டு, மறுநாள் சற்று இறுக்கியும் சற்றுத் தளர்த்தியும் மெல்லக் கழற்றவேண்டும்.

புதியதைத் தெரிந்தெடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். புரியின் அளவுக்கு ஒரு பொது விதி வேண்டுமென்று 1841ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜோசப் விட்வர்த் என்பவர் எடுத்துரைத்தார். அதற்கு முன் பட்டறைக்குப் பட்டறை வெவ்வேறு புரி. நம் பாட்டன்மார் ஓட்டிய ஆங்கில வண்டிகளில் அங்குலக் கணக்குப் போல்ட்டுகள்; இன்றைய ஜப்பானிய வண்டிகளில் மில்லிமீட்டர்க் கணக்கு. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். அதுவும் 6 மில்லிமீட்டர்ப் போல்ட்டும் கண்ணுக்கு இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றும். ஆனால் ஒன்றின் நட்டில் மற்றதை வலிந்து ஏற்றினால் புரி அழிந்துபோகும்.

கண்ணளவை நம்பியதால் வந்த ஒரு பெரும் விபத்தைக் கேளுங்கள். 1990 ஜூன் 10ஆம் நாள், பர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினுக்குப் புறப்பட்ட ஒரு விமானத்தின் முன்கண்ணாடி நடுவானில் கழன்று பறந்தது. விமானியின் உடல் பாதி வெளியே இழுபட்டுவிட்டது. உடனிருந்த ஊழியர்கள் அவருடைய கால்களைப் பற்றிக்கொள்ள, துணை விமானி விமானத்தைச் சவுதாம்டனில் இறக்கினார். அனைவரும் உயிர் தப்பினர். காரணம் என்ன? முதல்நாள் கண்ணாடியைப் பூட்டிய 90 போல்ட்டுகளில் 84, உரிய பருமனைவிட ஏறத்தாழ 0.66 மில்லிமீட்டர் மெல்லியவை. மற்ற ஆறும் நீளம் குறைந்தவை. பூட்டியவர் அளவுப் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டோடு ஒப்பிட்டுக் கண்ணளவில் எடுத்திருந்தார். அந்தப் பழையவற்றிலேயே பெரும்பாலானவை தவறானவை!

ஆகவே, இயன்றவரை உங்கள் வண்டியின் சேசிஸ் இலக்கத்தைச் சொல்லி உரிய உருப்படியைக் கேட்டு வாங்குங்கள். இயலாவிடில் துளையின் விட்டத்தையும், சேரும் தகடுகளின் மொத்தத் தடிப்பையும் அளந்து எடுத்துச் செல்லுங்கள். நீளம் கூடிய போல்ட் உள்ளே எதையேனும் குத்தக்கூடும். பிளாஸ்டிக் தகட்டுக்கு அகன்ற வாசர் வேண்டும். இன்றேல் போல்ட்டின் தலை தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். நாகம் பூசிய போல்ட் நல்லது. அந்தப் பூச்சு தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். புரியில் சிறிது கிறீஸ் தடவினால் அடுத்தமுறை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார். முன்விளிம்பில் ஓர் இடத்தையும் வெறுமையாக விடாதீர்கள். காற்று முதலில் நுழைவது அங்கேதான். கம்பி கட்டுவது வீடு போய்ச் சேரும்வரைக்குமான வைத்தியம். அது நாளடைவில் தகட்டை அறுத்துவிடும்.

மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருபோதும் தலையை நீட்டாதீர்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே பெரியவர்களாயினும் கீழே செல்லவேண்டும்.

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கிற்று. அதனால் நம் பாதைகளில் வயதேறிய வண்டிகள் பல. முதியவர்களுக்குப் போலவே அவற்றுக்கும் கவனிப்பு வேண்டும்.

இறம்பொடை இளைஞர் பத்துப் போல்ட்டுக்கும் கூலிக்குமாகக் கேட்ட தொகை, நாங்கள் புசல்லாவையில் தேநீருக்கும் வடைக்கும் கொடுத்ததைவிடச் சற்றே அதிகம். அந்த மோட்டார் சைக்கிளில் இருந்த சிறுமிக்கு ஏறக்குறைய என் மகளின் வயதிருக்கும். இப்போது நாங்கள் வெளியூருக்குப் புறப்படும்போதெல்லாம் என் மகள் வண்டியின் முன்னே குந்தியிருந்து கீழே எட்டிப் பார்க்கிறாள். விரல்விட்டு எண்ணி, "பத்தும் இருக்கிறது அப்பா" என்று அவள் சொன்ன பிறகே நான் எஞ்சினை இயக்குகிறேன்.