மண்டபத்துக்காகக் காத்திருக்கும் திருமுழுக்கு

நம் கத்தோலிக்கக் குடும்பங்களின் நாட்காட்டியில் விழா இல்லாத மாதம் அரிது. தை பிறந்தால் பொங்கலும் திருமணங்களும். தவக்காலம் கழிந்ததும் உயிர்ப்புப் பெருவிழா. கோடை விடுமுறையில் பிள்ளைகளின் புதுநன்மை. ஆகஸ்டு 29-இல் வேளாங்கண்ணியில் கொடியேறும்போது நடைப்பயணம். நவம்பர் 2-இல் கல்லறைத் திருநாள். திசம்பரில் குடிலும் நட்சத்திரமும். இடையிடையே திருமுழுக்கு, வீடு மந்திரிப்பு, பெற்றோரின் திருமண வெள்ளிவிழா. ஒரு குடும்பத்தின் ஓராண்டு இவ்வாறு இறைவனின் அருளால் அடையாளமிடப்பட்டு நகர்வது அழகானது. அதை யாரும் பழிக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த நாட்களை இன்று குறிப்பவர் யார்? இறைவனா, திருச்சபையா, பெற்றோரா? மூவரும் இல்லை. மண்டபமும், சமையற்காரரும், நிழற்படக்காரரும், வட்டிக்குக் கொடுப்பவரும் குறிக்கிறார்கள். குழந்தை பிறந்து எட்டு மாதமாகியும் ஏன் திருமுழுக்குப் பெறவில்லை என்று எந்தப் பங்கிலாவது கேட்டுப் பாருங்கள். “மண்டபம் கிடைக்கலை சாமி. சீட்டுப் பணம் வந்ததும் தை மாசம் வச்சுக்கலாம்னு இருக்கோம்” என்ற பதில் புதிதன்று. இதில் வஞ்சகம் இல்லை, வேதனைதான் இருக்கிறது. விருந்தில்லாமல் திருமுழுக்கு இல்லை என்று அந்தத் தகப்பனுக்குக் கற்பித்தது யார்?

திருச்சபை அப்படிக் கற்பிக்கவில்லை. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 867-ஆம் எண், குழந்தை பிறந்த முதற்சில வாரங்களுக்குள் திருமுழுக்கு அளிக்கப் பெற்றோர் கடமைப்பட்டவர்கள் என்கிறது. பிறந்தவுடனே, ஏன், பிறக்கும் முன்பே பங்குக்குருவை அணுகச் சொல்கிறது. 848-ஆம் எண், ஏழ்மையின் காரணமாக எவரும் அருட்சாதனங்களின் உதவியை இழக்கலாகாது என்று குருக்களை எச்சரிக்கிறது. விருந்து பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை.

புதுநன்மையைப் பாருங்கள். 1910-ஆம் ஆண்டு வரை பல நாடுகளில் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதுக்கு மேலும் நற்கருணைக்காகக் காத்திருந்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் ஓர் ஆணையினால் அந்தத் தடையை உடைத்தார். ஏறத்தாழ ஏழு வயதில் அப்பத்துக்கும் ஆண்டவரின் திருவுடலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தன் அளவில் உணரும் பிள்ளைக்கு அதை மறுக்கலாகாது என்றார். அவர் நீக்கியது வயது என்ற தடை. அந்த இடத்தில் பணம் என்ற தடையை நாம் கட்டிவிட்டோம். தாய்மாமன் சீர், ஊர்வலம், பிள்ளையின் முகத்தைப் பெரிதாக்கிய பதாகை ஆகிய இவற்றுக்கு வழியில்லாத வீட்டில், “அடுத்த வருஷம் தங்கச்சியோடு சேர்த்துக் கொடுத்துடலாம்” என்று அண்ணன் நிறுத்தி வைக்கப்படுகிறான். மறைக்கல்வி முடித்தும் பந்தியில் இடமில்லாமல் நிற்கிறான்.

உடனே ஒரு மறுப்பு எழும். “கானாவூரில் ஆண்டவரே விருந்துக்குப் போனாரே? அவரது முதல் அருளடையாளமே கலியாண வீட்டில்தானே?” உண்மைதான். ஆனால் அந்நிகழ்ச்சியை முழுதும் வாசிப்போம். அந்த வீட்டில் திராட்சை இரசம் தீர்ந்துபோயிற்று. கடன் வாங்கியாவது ஒப்பேற்றுங்கள் என்று அன்னை சொல்லவில்லை. மணவீட்டாரின் குறையைச் சபையறியப் பேசவும் இல்லை. மகனிடம் மெல்லச் சொன்னார். கற்சாடிகள் ஆறும் நிரம்பின. இரசம் எங்கிருந்து வந்தது என்று பந்தி மேற்பார்வையாளருக்கே தெரியவில்லை. பணியாளருக்கு மட்டும் தெரிந்தது. கொடுத்தவர் மறைந்திருந்தார், பெற்றவரின் மானம் காக்கப்பட்டது. இதுவே கானாவூர்.

நம் விருந்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. மொய் எழுதுபவர் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படுகின்றன. மொய் தோன்றிய காலத்தில் அது நல்ல ஏற்பாடுதான். ஒரு வீட்டுச் சுமையை ஊரார் பகிர்ந்து தாங்கினார்கள். இன்றும் சில பகுதிகளில் அது பலருக்குத் தொழில் முதலாக உதவுகிறது. ஆனால் அருட்சாதன நாளில் அது கடன் பேரேடாக மாறும்போது, ஐம்பது ரூபாய் வைத்திருக்கும் விதவை பந்திக்கு வரவே கூசுகிறாள். ஏழைகளையும் ஊனமுற்றோரையும் பார்வையற்றோரையும் விருந்துக்கு அழையுங்கள், கைம்மாறு செய்ய அவர்களிடம் ஒன்றும் இல்லை என்று ஆண்டவர் கற்பித்தார். கைம்மாறு செய்ய முடியாதவர் வர இயலாத விருந்து, எத்தனை சுவையாயினும், அவருடைய விருந்தாகுமா?

“ஊரில் மானம் என்று ஒன்று இருக்கிறதே” என்பது இரண்டாவது மறுப்பு. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. தலைமுறைகளாக இகழப்பட்ட மக்கள் ஒரு நாளாவது தலைநிமிர்ந்து நிற்க விரும்புவதைக் குறைகூறும் உரிமை நமக்கில்லை. ஆயினும் நகையை அடகு வைத்தும், கறவை மாடு வாங்கவென்று குழுவில் எடுத்த கடனைப் பந்தலுக்குச் செலவிட்டும் பெறுகின்ற மானம் எத்தனை நாள் நிற்கும்? தமிழகத்தில் கந்துவட்டியைத் தடுக்க 2003-இல் சட்டம் வந்தது. சட்டம் இருந்தும், வட்டிக்காரர் வீட்டு வாசலில் நின்று கத்தும் நாளில் பறிபோவதும் அதே மானம்தான். அப்போது ஊரார் எவரும் துணைக்கு வருவதில்லை.

ஞானப்பெற்றோரைத் தேர்ந்தெடுக்கும் முறையும் இவ்வாறே கெட்டது. சட்டம் கேட்பது பதினாறு வயது நிறைவு, உறுதிபூசுதல், நற்கருணை, நம்பிக்கைக்கு ஏற்ற வாழ்வு. நாம் கேட்பது சங்கிலி எத்தனை பவுன் என்பது. குடிலையும் விடவில்லை. 1223-இல் கிரேச்சியோ ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டுவரச் சொன்னது, பெத்லகேமின் வறுமையைக் கண்ணால் காண்பதற்காக. நம் தெருக்களில் குடில் எவருடையது பெரிது என்ற போட்டியாயிற்று.

பொதுநிலையினரை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் அது நீதியாகாது. பணக்கார வீட்டுத் திருமணத்துக்குப் பீடம் முழுவதும் பூவும், ஏழை வீட்டுத் திருமணத்துக்கு இரண்டு மெழுகுதிரியும் என்று வேறுபாடு காட்டும் பங்குகள் இந்நோயை வளர்க்கின்றன. கோவில் வளாகத்தில் பதாகை கட்ட இடம் கொடுப்பவர்களும், நிழற்படக்காரருக்காகத் திருப்பலியை நிறுத்தி வைப்பவர்களும் இதில் பங்காளிகளே.

மாற்றுவழி கடினமன்று. திருமுழுக்கை ஞாயிற்றுக்கிழமையிலோ, இயன்றால் பாஸ்கா திருவிழிப்பிலோ அளிக்கும்படி திருச்சபையே பரிந்துரைக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு பங்குத் திருப்பலியிலேயே அனைத்துக் குழந்தைகளுக்கும் ஒருங்கே அளிக்கலாம். புதுநன்மைக்கு ஒரே வகை எளிய உடையும், அன்பியங்கள் சேர்ந்து சமைக்கும் ஒரே பந்தியும் போதும். மொய் வாங்க விரும்புவோர் அதை வேறொரு நாளில் வேறோரிடத்தில் வைத்துக்கொள்ளட்டும். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2014 சனவரியில், தாம் திருமுழுக்குப் பெற்ற நாளை ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றார். அந்த நாளில் பெற்றோர் பிள்ளையின் நெற்றியில் சிலுவை வரைந்து செபிக்கட்டும். அதற்குச் செலவு ஒரு மெழுகுதிரி.

திசம்பர் 31 இரவில் நன்றித் திருப்பலிக்கு வந்து, கடந்த ஆண்டின் நன்மைகளை எண்ணிப் பார்க்கிறோம். அந்தக் கணக்கில் இன்னும் அடைக்காத விருந்துக் கடனும், இன்னும் திருமுழுக்குப் பெறாத குழந்தையும் அருகருகே இருக்குமானால், நாம் ஆண்டு முழுவதும் கொண்டாடியது எதனை? வரும் ஞாயிறு குழந்தையை எடுத்து வாருங்கள். மண்டபம் கிடைக்காவிட்டால் என்ன? கோவில் திறந்தே இருக்கிறது.