மலையை மறைக்காத தட்டி

திருப்பதியில் அக்கா வாங்கிய அடுக்குமாடி வீட்டின் பால்கனி மேற்கைப் பார்த்தது. நேர் மேற்குகூட இல்லை, கொஞ்சம் வடக்கே திரும்பிய மேற்கு. விற்றவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. "உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏழுமலை தரிசனம்" என்றார். பொய்யில்லை. எங்கள் அம்மா 2020இல் சித்தூர் வீட்டை விட்டு அங்கே போய் இருக்கச் சம்மதித்ததே அந்த மலைக்காகத்தான். காலையில் காப்பி, இரவில் மலைப்பாதை விளக்குகள் வளைந்து வளைந்து மேலேறுவதைப் பார்த்தபடி ஒரு மணி நேரம் என்று, அவருடைய நாளில் பாதி அந்தப் பிரம்பு நாற்காலியில் கழியும்.

தரிசனத்தோடு சேர்ந்து வருவதைப் பற்றி விற்றவர் பேசவில்லை. மே மாதத்தில் திருப்பதியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. நடுப்பகல் வெயிலைச் சமாளித்துவிடலாம். அது தலைக்கு மேலிருந்து விழுகிறது. ஜன்னலுக்கு மேல் நீட்டியிருக்கும் சிமெண்ட் பலகையே தடுத்துவிடும். நாலு மணிக்கு மேற்பட்ட வெயில் அப்படியல்ல. அது தாழ்ந்து வந்து முகத்துக்கு நேரே நிற்கிறது. பால்கனியைக் கடந்து, கூடத்தைக் கடந்து, பூஜை அலமாரி இருக்கும் சுவரைத் தொட்டுவிட்டுத்தான் போகும். திருப்பதி ஏறக்குறைய 13.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் நேர் உச்சியைத் தாண்டி வடக்கே போனால் ஆகஸ்ட் நடுவில்தான் திரும்பும். மே கடைசியில் அது மறைவது நேர் மேற்கிலிருந்து இருபது டிகிரிக்கு மேல் வடக்கே விலகி. அதாவது, அக்காவின் பால்கனிக்கு நேர் எதிரே. "எங்கள் பால்கனி வடக்குப் பார்த்தது, வெயிலே வராது" என்று நிம்மதியாக இருப்பவர்களும் இந்த மூன்றரை மாதக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

முதல் கோடையை அக்கா பழைய புடவைகளைக் கட்டிச் சமாளித்தார். பிறகு 2021 நவம்பர் மழை வந்தது. திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடிய, திருமலைப் பாதைகள் மூடப்பட்ட அந்த மழையில் பால்கனி வழியாகக் கூடம் வரை தண்ணீர். வெயிலுக்கும் மழைக்குமாக ஏதாவது நிரந்தரமாகப் போட்டுவிட வேண்டும் என்று முடிவானது. எதைப் போடுவது என்று என்னைக் கேட்டார்கள். எனக்கு அதில் அனுபவம் எதுவும் இல்லை. வெளிப்புறத் திரைகள் விற்கும் ஒரு நிறுவனத்தின் விளக்கப் புத்தகத்தை அப்போது தமிழாக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் அது போதுமான தகுதி.

அந்தப் புத்தகத்தில் முதல் தொல்லையே 'பிளைண்ட்' என்ற சொல்தான். எனக்கு முன்னால் அதைத் தொட்டவர் அகராதியை மட்டும் நம்பி 'வெளிப்புறக் குருடுகள்' என்று எழுதிவைத்திருந்தார். தமிழ் எம்.ஏ. படித்த பலனாக எனக்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை நினைவுக்கு வந்தது. மாதவி ஆடிய அரங்கில் மூன்று வகைத் திரைகள். அவற்றில் ஒன்று கரந்துவரல் எழினி. மேலே மறைந்திருந்து வேண்டும்போது இறங்குவது. இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. ஆனால் எந்தக் கடையில் போய்ச் சொல்வது? 'தட்டி' என்று எழுதினேன். தெலுங்கிலும் அது தடிக. வெள்ளைக்காரர்களின் பங்களாக்களில் ஜன்னலுக்கு ஜன்னல் தொங்கிய வெட்டிவேர் மறைப்பும் 'டாட்டி'தான். (இந்தியில் அதே சொல் மறைப்பிலிருந்து மறைவிடத்துக்குப் போய்விட்டது. வடக்கிலிருந்து வந்த விருந்தினர் முன்னால் யோசித்துப் பேசவும்.)

இரண்டாவது தொல்லை, பக்கத்துக்குப் பக்கம் வந்த 'பராமரிப்பு தேவையில்லாதது' என்ற தொடர். அதை நம்பினேன். அச்சில் திரும்பத் திரும்ப எழுதிய பொய்யை எழுதியவனே நம்பிவிடுவது எங்கள் தொழிலில் சகஜம்.

சித்தூர் வீட்டுத் தாழ்வாரத்தில் தொங்கியது மூங்கில் தட்டி. (2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமான பிறகு அக்காவும் நானும் வேறு வேறு மாவட்டத்துக்காரர்கள், அப்போது ஒன்றாகத்தான் இருந்தோம்.) பிளந்த மூங்கிலைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்த பிறகே முடைய வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடிப்பார். காரணம் பிறகுதான் தெரிந்தது. மூங்கிலில் மாவுச்சத்து இருக்கிறது. அதற்காகத்தான் உளுவண்டு துளைக்கிறது. காலையில் தட்டிக்குக் கீழே மஞ்சள் மாவு கொட்டிக் கிடந்தால் வண்டு குடிவந்துவிட்டது என்று பொருள். ஊறவைத்தால் மாவுச்சத்து கொஞ்சம் கரைந்து போகும். இப்போது போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் முக்குகிறார்கள். வீட்டுக்குள் இருக்கும் மூங்கிலுக்கு அது அருமையான மருந்து. மழையில் நனையும் மூங்கிலிலிருந்து அந்த மருந்தே கரைந்து வெளியேறிவிடும் என்பதை விற்பவர்கள் சொல்வதில்லை. அப்படியும் மூங்கிலைவிடக் கயிறுதான் முதலில் சாகும். அதனால் ஒன்றும் மோசமில்லை. ஐந்து நிமிடத்தில் புதுக் கயிறு கோத்துவிடலாம். அந்த 2021 மழையில் எங்கள் தட்டி கறுத்துப் பூஞ்சை பிடித்துப்போனதற்கு மூங்கில் காரணமில்லை. நனைந்ததை நனைந்தபடியே சுருட்டிக் கட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனது நான்.

வெட்டிவேர்த் தட்டியையும் யோசித்தோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பம், மின்கணக்கில் ஏறக்குறைய முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. சித்தூரின் வறண்ட ஏப்ரல் காற்றில் இது பிரமாதமாக வேலை செய்யும். கடலோரத்து ஈரக் காற்றில் அவ்வளவாகச் செய்யாது. ஆனால் தட்டியை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கோடையில் டேங்கர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருவில் தட்டிக்குத் தண்ணீர் ஊற்ற மனம் வராது. வாசனைக்காக மட்டும் அம்மா கொஞ்சம் வருத்தப்பட்டார்.

ஆகவே விளக்கப் புத்தகத்தின் சொற்படி நான் சிபாரிசு செய்தது தடித்த, கண்ணாடிபோல் தெளிந்த பிளாஸ்டிக் திரை. இரண்டு பக்கமும் ஜிப் வைத்தது. மழை வராது, புழுதி வராது, புறா வராது. ஈரத்துணியால் துடைத்தால் போதும். மலையும் தெரியும்.

ஒரு வருடத்துக்குள் வெயிலிலும் துடைத்த கீறல்களிலும் பிளாஸ்டிக் மங்கி, மலை ஒரு பழுப்புக் கறையாகிவிட்டது. அது சின்ன விஷயம். ஒளி உள்ளே வந்தது, உள்ளே இருந்த பொருள்களில் பட்டுச் சூடானது, காற்று போக வழியில்லாததால் சூடு அங்கேயே தங்கியது. பயிர் வளர்க்கக் கண்ணாடி வீடு கட்டுவார்களே, அதே ஏற்பாடு. 2023 மே மாதம் ஒரு நாள் ஆறு மணிக்கு அக்கா வேலையிலிருந்து வந்தபோது அம்மா நாற்காலியில் தலை தொங்கி, கூப்பிட்டால் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தார். இரண்டு நாள் மருத்துவமனையில் சலைன். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவதே குறைந்துவிடும், உடம்பில் தண்ணீர் வற்றினால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள் என்றார் மருத்துவர்.

"ஏம்மா, அதைத் திறந்திருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எங்க திறக்கறது? அந்தப் பல்லு மண்ணு புடிச்சிப்போச்சி. எனக்கு எட்டவும் எட்டல."

துடைத்தால் போதும் என்ற வாக்கு பொய்யாகவில்லை. துடைத்த இடமெல்லாம் பளிச்சென்றுதான் இருந்தது. மாலை நாலு மணிக்கு அந்த வீட்டில் யார் இருப்பார்கள், அவருடைய கை எவ்வளவு உயரம் போகும், எவ்வளவு பலம் இருக்கிறது என்று புத்தகத்தில் எங்கும் இல்லை. மொழிபெயர்த்த எனக்கும் தோன்றவில்லை. அக்காவும் மாமாவும் ஒன்பது மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவார்கள். தட்டியைப் பராமரிக்க வேண்டியவரும் பயன்படுத்த வேண்டியவரும் அந்த ஒன்பது மணி நேரமும் ஒருவரேதான்.

இரண்டாம் முறை துணியைப் பிறகு பார்க்கலாம் என்று இயக்கும் பொறியிலிருந்து தொடங்கினோம். ஸ்பிரிங் வைத்த உருளை எங்கள் பட்டியலில் முதலில் அடிபட்டது: இழுத்துப் பிடித்து விடுவதற்கு மணிக்கட்டில் பலம் வேண்டும், ஸ்பிரிங் போனால் பக்கத்துத் தெருவில் யாரும் சரிசெய்ய மாட்டார்கள். கயிறும் கப்பியும் மலிவு, யாரும் பழுதுபார்க்கலாம். ஆனால் தொங்கும் கயிறு வளையம் சின்னக் குழந்தையின் கழுத்துக்கு ஆபத்து. வேறு வழியில்லாமல் கயிறு வைப்பவர்கள் அதை உயரத்தில் ஒரு கொக்கியில் சுற்றிவைக்க வேண்டும். அக்கா வீட்டுக்குப் பேரன் வந்து போகிறான். தவிர, மலையடிவாரத் தெருக்களில் குரங்குக்குக் குறைவில்லை. கயிற்றைக் கண்டால் சும்மா இருக்குமா? கடைசியில் நின்றது பல்சக்கரமும் கைப்பிடிக் கம்பியும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே சுற்றலாம். சுற்றி முடித்ததும் கம்பியைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். பல்சக்கரம் பிளாஸ்டிக் என்பதால் உதிரியாக ஒன்றைக் கூடவே வாங்கிவைத்துக்கொண்டோம். மேல் உருளையும் கீழ்க் குழாயும் அலுமினியம், திருகுகள் எவர்சில்வர். இரும்புக் குழாய்க்குப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பார்கள். இரண்டு ஐப்பசி தாண்டினால் துருக் கறை துணியில் இறங்கும்.

துணிக்கு வருகிறேன். பாலியஸ்டர் நூலின் மேல் பி.வி.சி. பூசி வலைபோல் நெய்தது. எத்தனை சதவீதம் துளை என்று ஒரு எண் சொல்வார்கள். 5 என்றால் நூறு பங்கில் ஐந்து பங்கு இடைவெளி. மேற்கு வெயிலுக்கு 5. காற்றும் காட்சியும் முக்கியம் என்றால் 10. வெயிலை ஜன்னல் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்துவதில்தான் பலன். உள்ளே வந்த பிறகு எவ்வளவு நல்ல திரைச்சீலை போட்டாலும் சூடு வீட்டுக்குள்தான் இருக்கும். நிறத்தில் எங்களுக்குள் சண்டை. வெளிர் நிறம்தான் சூடு வாங்காது என்று மாமா. அக்காவுக்குச் சந்தன நிறம். இரண்டு மாதிரித் துண்டுகளை வாங்கி வந்து மாலை நாலரை மணிக்கு அம்மா கையில் கொடுத்தோம். வெளிர் துண்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தால் ஒரே வெள்ளைக் கூச்சம். கரும்பழுப்பு வழியாக மலை, அதன் மடிப்புகளோடு தெரிந்தது. வெளிர் நூல் வெயிலை வாங்கிக் கண்ணில் சிதறடிக்கிறது, கறுத்த நூல் விழுங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். கறுப்பு சூடேறுவது உண்மை. ஆனால் தட்டி வெளியே தொங்குகிறது. உருளைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டால் சூடு அந்த வழியே மேலே போய்விடும். இரவில் உள்ளே விளக்குப் போட்டால் கணக்கு தலைகீழாகும், தெருவில் இருப்பவர்களுக்கு நாம் தெரிவோம். அது ஞாபகம் இருக்கட்டும்.

இவ்வளவு செலவு முடியாது என்பவர்களுக்கு நர்சரிகளில் கட்டும் நிழல்வலை இருக்கிறது. 50, 75, 90 சதவீதம் என்று நிழல் அளவில் கிடைக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். இல்லாதது சீக்கிரமே நாராகி உதிரும். கறுப்பு வலையில் உள்ள கரிக்கே அந்தக் குணம் உண்டு. சித்தூரில் நான் இப்போது கட்டியிருப்பது அதுதான். ஓரத்தை மடித்துத் தைத்து, வளையம் அடித்து, கம்பியில் கோத்தது.

காற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தட்டியைத் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பாபட்லா பக்கம் கரையேறுவதற்கு முன் திருப்பதியிலும் காற்றும் மழையும் அடித்தன. அக்கா வீட்டில் முதல் நாளே தட்டியைச் சுருட்டிவிட்டார்கள். கீழ்வீட்டில் நாலு மூலையும் இறுகக் கட்டிய தார்ப்பாய் தானும் போய், சுவரிலிருந்த கொக்கிகளையும் பெயர்த்துக்கொண்டு போனது. மழைக்குத் தட்டி கிடையாது. கூடத்துக் கதவைச் சாத்துவதுதான். இதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

வேலை என்று பார்த்தால், வருடத்துக்கு இரண்டு முறை சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். மழைக்காலம் முடிந்து ஒருமுறை, மாசியில் ஒருமுறை. காய்ந்த பிறகுதான் சுருட்ட வேண்டும். புறா எச்சத்தை அன்றன்றே துடைத்துவிட வேண்டும். சக்கரத்துக்கு எண்ணெய் விடக் கூடாது, புழுதி ஒட்டும்.

இப்போது அம்மா மூன்றரை மணிக்குக் கைப்பிடியை மாட்டிப் பாதி வரை இறக்குகிறார். அப்போது சூரியன் உயரத்தில் இருப்பதால் அது போதும். கீழ்ப்பாதியில் மலை திறந்தே இருக்கும். வெயில் தாழத் தாழ இன்னும் நாலு சுற்று, பிறகு இன்னும் நாலு. பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர். ஐந்தே கால் மணிக்குச் சூரியன் மலைக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும்போது தட்டி முழுவதும் இறங்கியிருக்கும், மலை வலைக்குப் பின்னால் கரும்பழுப்பாகத் தெரியும். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிய மறுநிமிடமே முழுவதையும் சுற்றி மேலே ஏற்றிவிடுவார். போன வாரம் போயிருந்தபோது நான் சுற்றுகிறேன் என்று கையை நீட்டினேன்.

"வுடு, உனக்கு எவ்ளோ சுத்தறதுன்னு தெரியாது" என்றார்.