தேடினால் எங்கள் ஊர் வர வேண்டும்

விடுதிக்கு வந்த முதல் வாரம். பக்கத்துக் கட்டில் தோழி கேட்டாள்: "உங்கட ஊர் எது?"

"டயகம."

"அது எங்க ஈக்குது?"

தலவாக்கலையில் பஸ் ஏறி, லிந்துலை, அக்கரப்பத்தனை தாண்டி வர வேண்டும் என்று சொன்னேன். அவளுக்குப் பிடிபடவில்லை. மறுநாள் கணினி அறையில் அவளே ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்தாள். ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி அடித்துவிட்டாள். ஹோமாகமப் பக்கத்துத் தியகம விளையாட்டரங்கு வந்தது. பிறகு தமிழில் அடித்தாள். வரிசையாகச் செய்திகள் வந்தன. எல்லாம் ஒரே செய்தி. 2021 ஜூலையில், கொழும்பில் வீட்டுவேலைக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருத்தி தீக்காயங்களுடன் ஆஸ்பத்திரியில் இறந்துபோன செய்தி. வயது 16.

தோழி என் பக்கம் திரும்பி, "இதுவா உங்கட ஊர்?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆம் என்றுதான் சொன்னேன். வேறென்ன சொல்ல?

அந்தச் செய்தி மறைய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அது மறையவே கூடாது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் பிறந்து, உழைத்து, படித்து, பிள்ளை வளர்க்கும் ஓர் ஊரைப் பற்றி உலகம் கேட்கும்போது அந்த ஒரு மரணம் மட்டுமே பதிலாக வருகிறது என்றால், அதற்குத் தேடுபொறியைக் குறை சொல்வதில் பயனில்லை. எழுதப்பட்டதைத்தான் அது காட்டும். மற்றதை நாங்கள் எழுதவில்லை. எழுதிய கொஞ்சத்தையும் அதன் கைக்கு எட்டும்படி வைக்கவில்லை.

தேடுபொறி எப்படி வேலை செய்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும். முதலில் அது இணைப்புகளைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய் வாசிக்கிறது. அடுத்து, பாடநூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவைப்போல, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறது. ஒருவர் கேட்கும்போது, பொருத்தமானவற்றை வரிசைப்படுத்தித் தருகிறது. இந்த வரிசையில்தான் கூகுள் பெயர் எடுத்தது. 1998இல் அதைத் தொடங்கிய லரி பேஜ், செர்கே பிரின் இருவரும் அப்போது ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மாணவர்கள். ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, அப்படிச் சுட்டுகிறவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று பார்ப்பது அவர்கள் முறை. ஊரில் நாலு பெரியவர்கள் ஒருவரைக் கைகாட்டினால் நாம் அவரிடம் போவதில்லையா? அதுபோலத்தான். இன்று அதனுடன் இன்னும் பல கணக்குகள் சேர்ந்துவிட்டன.

இந்த வரிசையில் மேலே வருவதற்கான வேலைக்குத் தேடுபொறி உகப்பாக்கம் என்று பெயர். அதைக் கற்பிக்கிறோம் என்று விளம்பரம் செய்பவர்கள் பலர். அவர்களில் சிலர் சொல்லும் வழி, ஒரே சொல்லைப் பக்கம் முழுக்கத் திணிப்பதும் காசுக்கு இணைப்பு வாங்குவதும்தான். ஒரு காலத்தில் அது பலித்தது. 2011இல் 'பாண்டா', 2012இல் 'பெங்குயின்' என்று பெயரிட்ட மாற்றங்களைக் கூகுள் கொண்டுவந்தபோது, உள்ளீடற்ற பக்கங்களும் இணைப்புகளை வாங்கி அடுக்கிய தளங்களும் கீழே தள்ளப்பட்டன. குறுக்கு வழியில் வந்த கூட்டம் ஒரே நாளில் கலைந்தது. நிலைத்தவை யாருடைய கேள்விக்கோ நேர்மையாகப் பதில் சொன்ன பக்கங்கள்.

தமிழ் இணையத்திலும் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. 2004இல் தொடங்கிய 'தமிழ்மணம்' திரட்டியில், தமிழில் எழுதுவோரின் புதிய பதிவுகள் உடனுக்குடன் வரிசையாகத் தோன்றும். முகப்பில் இருக்கும்வரை வாசகர் வருவார்கள். புதியவை வந்து கீழே தள்ளியதும் வரவு நின்றுவிடும். இன்றைய முகநூலும் வட்ஸ்அப்பும் அதே கதைதான். காலையில் போட்டது இரவில் புதைந்துவிடும். அன்றைய சண்டைக்காக எழுதப்பட்டவை அன்றோடு போயின. ஒரு சமையல், ஒரு மருந்துச் செடி, ஒரு ஊரின் வரலாறு என்று பொறுமையாக எழுதி வைத்தவர்களைத் தேடி ஆண்டுகள் கழித்தும் ஆட்கள் வருகிறார்கள்.

இலங்கைத் தமிழர்களாகிய எமக்கு இதில் சொந்தமாகவே சில குறைகள் உண்டு.

முதலாவது எழுத்துரு. எங்கள் அச்சகங்களும் பாடசாலைகளும் நெடுங்காலம் பாமினியில் தட்டச்சு செய்தன. இன்றும் பலர் செய்கிறார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் கண்ணுக்கு அம்மா தெரியும். கணினிக்குள் கிடப்பதோ சில ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்! அந்தப் பக்கத்தை அப்படியே இணையத்தில் போட்டால், 'அம்மா' என்று தேடுகிறவருக்கு அது அகப்படுவது எப்படி? 1991ஆம் ஆண்டு முதற்பதிப்பிலேயே ஒருங்குறியில் தமிழ் இடம்பெற்றுவிட்டது. இன்னும் மாறாமல் இருப்பது நாங்கள்தான்.

இரண்டாவது, எழுத்தைப் படமாக்கிப் பகிர்வது. பூப்போட்ட பின்னணியில் கவிதையை எழுதிப் படமாக அனுப்புகிறோம். பார்க்க அழகுதான். ஆனால் தேடுகிறவர் கையில் அது சிக்குவது அரிது.

மூன்றாவது, ஊர்ப்பெயர். ஒரே ஊரை ஆங்கிலத்தில் மூன்று விதமாகவும் தமிழில் இரண்டு விதமாகவும் எழுதுகிறோம். எழுத்துக்கூட்டல் மாறினால் தேடுகிறவர் வேறு ஊருக்குப் போய்விடுகிறார், என் தோழி ஹோமாகம போனதைப்போல. பக்கத்தில் ஓரிடத்தில் மற்ற வடிவங்களையும் குறித்து, மாவட்டத்தையும் அயல் ஊரையும் சேர்த்து எழுதினால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

இவற்றைச் சரிசெய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம் நாட்டுடன் தொடர்புடைய நல்ல உதாரணம் 'நூலகம்' இணைய நூலகம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததை நம் பெற்றோர் அறிவார்கள். எரிக்க முடியாத இடத்தில் நூல்களை வைப்பதுபோல, 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வருடி இணையத்தில் சேர்த்து வருகிறார்கள். அங்கே நான் கவனித்தது ஒரு சிறிய வேலையை. பழைய இதழ் ஒன்றின் பக்கங்கள் படங்களாகத்தான் இருக்கும். ஆனால் பல இதழ்களுக்கு, உள்ளே யார் எதை எழுதினார்கள் என்ற உள்ளடக்கப் பட்டியலை ஒருவர் உட்கார்ந்து ஒருங்குறியில் தட்டச்சு செய்திருப்பார். அந்தப் பட்டியலால்தான், எப்போதோ அச்சான கட்டுரை ஒன்று இன்று தேடும் மாணவியின் முன் வந்து நிற்கிறது. அதைச் செய்தவர் எந்தத் தந்திரமும் செய்யவில்லை. கேட்பவர் என்ன சொல்லால் கேட்பார் என்று யோசித்து, அந்தச் சொல்லைப் பக்கத்தில் வைத்தார்.

நானும் முயன்றேன். வாப்பாவுக்கு டயகமவில் சிறு கடை. தோட்டத்தார் 'நானா கடை' என்பார்கள். கடை வாசலில் வளர்ந்ததால் தோட்டத்துச் சொற்கள் எனக்குப் பழக்கம். அவற்றில் நாற்பதை எடுத்து, பொருளுடன் ஒரு பக்கமாக எழுதினேன். காலையில் தொழிலாளர்கள் வரிசையாக நின்று அன்றைய வேலையைக் கேட்டுக்கொள்ளும் இடம் பெரட்டுக்களம். ஆங்கிலத்துப் 'பரேட்' தேய்ந்து 'பெரட்டு' ஆனது. தோட்டத்தின் பிரிவு 'கணக்கு'. மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று. இப்படியே லயம், கொழுந்து, கங்காணி, கணக்கப்பிள்ளை என எல்லாவற்றையும் எழுதினேன். காக்கா அதை இணையத்தில் ஏற்றித் தந்தார். தலைப்பு 'மலையகத் தோட்டத் தமிழ்ச் சொற்கள்: டயகம, நுவரெலியா மாவட்டம்'. அலங்காரமான தலைப்பு ஒன்று வைத்திருந்தேன். "அப்படி யார் தேடுவாங்க?" என்று காக்கா வெட்டிவிட்டார். அவர் சொன்னது சரி.

முதல் வாரம் வாசித்தவர்கள் 11 பேர். அத்தனை பேரும் சொந்தக்காரர்கள். பிறகு ஒருவரும் வரவில்லை. நாலைந்து மாதம் கழித்து நாளுக்கு இரண்டு, மூன்று பேர் வரத் தொடங்கினார்கள். ஓர் ஆண்டு தாண்டியும் அது நிற்கவில்லை. ஒருநாள் தமிழ்நாட்டு நீலகிரியிலிருந்து ஒரு கடிதம், மின்னஞ்சலில். எழுதியவர் என்னைவிடச் சற்று மூத்த பெண். 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது அல்லவா? அதன்படி கப்பலேறிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. பாட்டிக்கு நினைவு தப்புகிறதாம். அடிக்கடி "பெரட்டுக்களத்துக்கு நேரமாச்சு" என்று எழுந்து நிற்பாராம். அது என்ன சொல் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பேத்தி தேடியிருக்கிறார். என் பக்கம் வந்திருக்கிறது. வாசித்துக் காட்டியபோது பாட்டி 'கீழ்க்கணக்கு' என்ற சொல்லில் நிறுத்தச் சொல்லி, "எங்க வீடு அங்கதான்" என்றாராம்.

கடிதத்தை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உம்மா ஒன்றும் பேசாமல் இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

இரண்டு ஆட்சேபங்களைக் கேட்கிறேன். ஒன்று பெற்றோருடையது: பெண்பிள்ளைகளுக்கு இணையம் ஆபத்து. அச்சம் நியாயமானது. ஆனால் நான் சொல்லும் எழுத்துக்குப் படம் வேண்டாம், வீட்டு முகவரி வேண்டாம், சொந்தப் பெயர்கூட வேண்டாம். வருகிற கடிதங்களை வீட்டில் ஒரு பெரியவர் பார்த்துத் தரலாம். எனக்கு வந்த கடிதத்தை முதலில் வாசித்தது வாப்பாதான். கைபேசியைப் பூட்டி வைப்பதோடு, அதை நல்லதற்குப் பயன்படுத்தவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று பணிவாகக் கேட்கிறேன்.

மற்றது தோழிகளுடையது: இப்போது செயற்கை நுண்ணறிவே மேலே பதிலைச் சொல்லிவிடுகிறது, பக்கத்துக்கு யார் வரப்போகிறார்கள்? உண்மைதான், வரவு குறையலாம். ஆனால் அந்தப் பதிலும் எங்கோ எழுதப்பட்டதிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. நாம் எழுதாவிட்டால், நம்மைப் பற்றி மற்றவர்கள் எழுதியதே பதிலாகும். எழுத இது கூடுதல் காரணம்.

ஆகவே இரண்டு யோசனைகள். நமது கல்லூரிச் சஞ்சிகையின் பழைய இதழ்களை எடுத்து, உள்ளடக்கப் பட்டியல்களையாவது ஒருங்குறியில் தட்டச்சு செய்வோம். தமிழ்ச் சங்கத்தில் பத்துப் பேர் உட்கார்ந்தால் ஒரு தவணையில் முடிகிற வேலை. அடுத்தது, வருகிற விடுமுறையில் ஒவ்வொருவரும் தன் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவோம். எந்த பஸ் எத்தனை மணிக்கு, எந்தப் பள்ளிக்கூடம் யாரால் தொடங்கப்பட்டது, மழைக்காலத்தில் எந்தப் பாதை உடையும், மூத்தம்மா என்ன சொல்வார் என்று, அங்கே இருப்பவருக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுவோம்.

அடுத்த வருடம் விடுதிக்குப் புதிதாக ஒரு பிள்ளை டயகமவிலிருந்து வரக்கூடும். யாராவது அவள் ஊரைத் தேடிப் பார்ப்பார்கள். அந்தச் செய்தியும் வரட்டும். அதன் பக்கத்தில் வேறு சிலவும் வரட்டும்.