மூத்த ஆட்டக்காரரை அமர்த்தலாமா?

2025-ம் வருஷ ஐ.பி.எல். பந்தயங்களில் சென்னை சூப்பர் கிங்ஸ் கோஷ்டி பத்தாவதாய், கடைசியில் நின்றது. இவ்வாறு வீழ்ந்த கோஷ்டியைச் சீரமைப்போர், குறையுள்ள மூத்த ஆட்டக்காரரை அமர்த்தலாமா?

வயதையே குற்றமாகக் கொள்ளல் நியாயமன்று. 2018-ல் நான்கு கோடி ரூபாய்க்கு வாங்கப்பெற்ற 36 வயது ஷேன் வாட்ஸன், இறுதிப் பந்தயத்தில் முதல் பத்துப் பந்துகளில் ஓர் ஓட்டமும் எடாமல் தடுமாறிப் பின்னர் 117 குவித்தார். கோப்பை சென்னைக்கு வந்தது. ஆனால் அன்று ராயுடு முதலியோர் தோள்கொடுத்தனர். கடைசியில் நிற்பவர்க்கு அவ்வசதி ஏது?

2025-ல் 17 வயது ஆயுஷ் மாத்ரே, பெங்களூரை எதிர்த்து 94 ஓட்டங்கள் எடுத்தார். கெய்க்வாட் காயமுற்று இடம் காலியானதாலன்றோ அவ்வாய்ப்பு வந்தது!

ஆகவே, மூத்தவரை ஓராண்டுக்கு, குறித்த வேலைக்கு மட்டும் அமர்த்துக. இளைஞரின் இடத்தை அடைக்கலாகாது. நூம்பலில் மட்டை பிடிக்கும் சிறுவனும் தனக்கு வழியுண்டென நம்பவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.